எண்ணிக் கொடுத்தவர்

கடப்பாக்கம் கடைத்தெருவில் அவரை யாரும் பேர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. பின்னால் பேசும்போது மெடிக்கல்காரர். முன்னால் நின்றால் சார். அவரும் யார் பேரையும் கேட்கமாட்டார். மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதியிருக்கும் பேரைக்கூட வாசிக்கமாட்டார். வயசைப் பார்ப்பார், மருந்தைப் பார்ப்பார், அப்புறம் சீட்டைக் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்ப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மருந்து என்றால் மூன்று கேள்வி கேட்பார்.

"சாப்புடுறாரா?"

"தானா எந்திரிக்கிறாரா?"

"படுத்துத் தூங்குறாரா, உக்காந்துகினேவா?"

அவ்வளவுதான். பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டமாட்டார். உள்ளே திரும்பி மாத்திரை அட்டையை எடுத்துவந்து, தையல்காரர்கள் வைத்திருப்பது போன்ற நீளக் கத்தரியால் நறுக்கென்று வெட்டுவார். டாக்டர் முப்பது நாளைக்கு எழுதியிருப்பார். இவர் பத்து வைப்பார். சிலருக்கு ஏழு. சிலருக்கு நாலு. ஏன் சார் என்று கேட்டால் "இது போதும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அந்த எண்ணிக்கையைத்தான் எங்கள் ஊர் ஆயுள் கணக்காக எடுத்துக்கொண்டது.

எப்படி ஆரம்பித்தது என்றால், மீனவர் பகுதியில் வலை பின்னுகிற ஒருவருக்கு இவர் ஆறு மாத்திரை கொடுத்தார். ஆறாம் நாள் அந்த மனுஷன் போய்விட்டார். அடுத்த மாதமே ரேஷன் கடைக்குப் பின்னால் குடியிருந்த ஓர் அம்மாவுக்கு மூன்று கொடுத்தார். மூன்றாவது நாள் அங்கே பந்தல் போட்டார்கள். அதற்கப்புறம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. மெடிக்கல் கடையிலிருந்து யார் பொட்டலத்தோடு இறங்கினாலும், டீ ஆற்றுகிறவர் அங்கிருந்தே, "எத்தினி அண்ணாத்த?" என்பார். பதில் சின்ன எண்ணாக இருந்தால் டீக்கு முந்தி ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாமல் இருப்பார்கள். சென்னையில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போன் போகும். டாக்டர் என்ன சொன்னார் என்று அந்தப் பிள்ளைகளும் கேட்கமாட்டார்கள். மெடிக்கல்காரர் எத்தனை கொடுத்தார் என்றுதான் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஏன் போனீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். போனோம், ஏனென்றால் அவர் கொடுத்த மருந்து மருந்தாக இருந்தது. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் அவர் கடை ஃபிரிட்ஜ் ஓடும், அதற்கென்று தனி பேட்டரி வைத்திருந்தார். சர்க்கரைக்காரர்களின் ஊசி மருந்து ஒருநாளும் கெட்டதில்லை. கடையில் இல்லாத மருந்தைக் காலையில் சொன்னால், செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் சாயந்திரத்துக்குள் வரவழைத்துவிடுவார். ஒருமுறை என் மனைவிக்கு எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு மருந்து தரமுடியாது என்றார். அவளுக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்ததை இரண்டு வருஷத்துக்கு முந்தி அவரிடம் சொல்லியிருந்தோம். எங்களுக்கே மறந்துபோனது அவருக்கு ஞாபகம் இருந்தது. டாக்டருக்கு அவரே போன் போட்டு வேறு எழுத வைத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அடுத்த ஆளு" என்றார்.

கடையில் சாமி படம் கிடையாது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் காலண்டரில் லட்சுமியோ முருகனோ இருப்பார்கள் அல்லவா, அந்தப் படத்தை அதே கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டுத் தேதித் தாளை மட்டும் ஆணியில் மாட்டியிருப்பார். வெட்டிய படங்களை என்ன செய்தீர்கள் சார், எனக்குக் கொடுத்தால் வீட்டில் வைத்துக் கும்பிடுவேனே என்று ஒருதடவை கேட்டேன். "உனக்கு இருக்கற சாமி பத்தலையா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. ஆனாலும் அடுத்த மாதம் அங்கேதான் போய் நின்றேன்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பிள்ளை, என்னைவிடப் பத்து வயது சின்னவன், நெஞ்சு வலிக்கிறது என்று மதுராந்தகத்தில் காட்டிவிட்டு வந்தான். மெடிக்கல்காரர் கத்தரியைத் தொடவில்லை. மூன்று அட்டை, முழுசாக எடுத்து வைத்தார். அவன் நேராக டீக்கடைக்கு வந்து அட்டையை விசிறி மாதிரி பிடித்துக் காட்டினான்.

"பாத்துக்கடா மச்சான். கத்திரியே எடுக்கல."

அன்றைக்குக் கடையில் இருந்த எல்லாருக்கும் அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். நானும் குடித்தேன். அதிலிருந்து அவன் பேரே முழு அட்டை என்று ஆகிவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி அடித்துவிட்டது. சட்டைப் பையில் மாத்திரை அப்படியே இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து அவனுடைய தகப்பனார் மீதி அட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்கு வந்தார். நான் அப்போது வரிசையில் நின்றிருந்தேன். இரண்டு அட்டை பிரிக்கவே இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வெளியே போன மாத்திரையை நான் திரும்ப எடுப்பதில்லை என்றார் மெடிக்கல்காரர்.

"டப்பு வேணாம் சார். வூட்ல கண்ணுல பட்டுகினே கீது. சும்மா நீங்களே வெச்சிக்கங்க."

"உன் கண்ணுல படக்கூடாதுன்னா கடல்ல போடு. பக்கத்துலதான கீது."

அந்தப் பெரியவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அவர் கடல் பக்கம் போனாரா வீட்டுக்குப் போனாரா என்று நான் பார்க்கவில்லை. அடுத்து என் முறை வந்துவிட்டது.

கணக்கு தப்பிவிட்டதே, இனி ஊர் நம்பாது என்று நினைப்பீர்கள். இல்லை. "லாரிக்கு அவரு மாத்திரை குடுக்கலியேடா" என்றார் டீக்கடைக்காரர். சீக்கில் போனவர்களுக்குத்தான் அவர் கணக்கு, ரோட்டில் போனவர்களுக்கு இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். செத்தவர்கள் வீட்டு மாத்திரை இப்படித் திரும்பி வந்து நிற்கிறதே, அது பிடிக்காமல்தான் அவர் அளந்து கொடுக்கிறார் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தார்கள். அவர் காது பட, கடைக்கு எதிரிலேயே பேசினார்கள். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போட்டிருந்த அம்மாவின் கதை இதற்கு நேர் எதிர். அந்த அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டு மூச்சு விடமுடியாமல் கிடந்தபோது நாலு மாத்திரை கொடுத்தார். மருமகள் மறுநாளே இட்லிக் குண்டானைத் தன் அம்மா வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். அந்த அம்மாவைப் பார்க்கவந்த சொந்தக்காரர்கள் அவள் எதிரிலேயே போர்த்துகிற கோடிச் சீலைக்கு என்ன கலர் என்று பேசினார்கள். பத்தாம் நாள் அந்த அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே மருமகளின் அம்மா வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"நாலு மாத்திரைல என்ன மூட்ட கட்டிட்டீங்களாடி? எட்றி குண்டான."

அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் இட்லி விற்றாள். மருந்து வாங்க அவளே போவாள். மெடிக்கல்காரர் அவளைப் பார்த்ததும் "வந்துட்டியா" என்பார். உன் கண்ணில் மண்ணைப் போடத்தான் இன்னும் இருக்கிறேன் என்பாள் அவள். அவர் மறுபடியும் நாலு வெட்டி வைப்பார். நாலு நாளைக்கு ஒருதடவை இந்தக் கூத்தைப் பார்க்கவே ஆள் நிற்கும். இதற்கும் ஊர் ஒரு வழி சொன்னது. மெடிக்கல்காரர் கணக்கு சரிதான், அதற்கு மேலே கொடுத்தது அம்மன் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அம்மன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் கத்தரிமேலும் அதே அளவு நம்பிக்கை வைத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இனி என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அவர்தான். சவுக்குத் தோப்பு குத்தகைக்கு எடுத்து வெட்டி விற்பார். ஆடி மாதம் செல்லியம்மன் கோயில் தீமிதியில் முதல் ஆளாக இறங்குவார். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மாமல்லபுரம் வரைக்கும் இருக்கிற ரிசார்ட்டுகளுக்கு இளநீர், தண்ணீர் கேன், சாமியானா என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். அந்த வண்டிக்கு முன்பணம் கட்டியதும் அண்ணன்தான்.

அவருக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். செங்கல்பட்டில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னையும் அண்ணியையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். உப்பைக் குறைக்கணும். மாத்திரையை விடக்கூடாது. மாதம் ஒருதடவை காட்டணும். காலில் வீக்கம் வந்தால் மட்டும் தேதி பார்க்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வரணும், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். நாங்கள் தலையாட்டினோம்.

முப்பது நாளைக்கான சீட்டோடு மெடிக்கலுக்குப் போனேன். மூன்று கேள்வி வந்தது. சாப்பிடுகிறார், எழுந்திருக்கிறார், தூங்குகிறார் என்று சொல்லியிருந்தால் முழு அட்டை கிடைத்திருக்கும். நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. கொஞ்சம் சாப்பிடுகிறார், கை கொடுத்தால் எழுந்திருக்கிறார், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறார் என்று உள்ளதைச் சொன்னேன். பதினைந்து மாத்திரை அட்டையில் நறுக்கென்று சத்தம் கேட்டது. பத்து.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்ட முதல் வார்த்தை, "எத்தினிடா?"

"பத்துண்ணா."

"கத்திரி வெச்சிட்டானா" என்று சிரித்தார். அண்ணி உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் செய்யூர்ப் பக்கம் லோடு போனபோது அங்கே ஒரு மருந்துக்கடையில் அதே மாத்திரை இருபது வாங்கிவந்தேன். அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் பையைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இது யார் வேணா யாருக்கு வேணா குடுக்கறது. எனக்கு அவன் கையால வாங்கினு வா." அந்த இருபது மாத்திரை அலமாரியிலேயே கிடந்தது. எவ்வளவு சொல்லியும் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பத்தாம் நாள் காலையில் அண்ணன் முகம் மழித்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போய் வாங்கினு வா, நான் இன்னும் இருக்கேன்னு சொல்லு என்றார். போனேன். எப்படி இருக்கிறார் என்று மெடிக்கல்காரர் கேட்டார். இருக்காரு சார் என்றேன். மறுபடியும் பத்து. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. வரும் வழியில் கோயிலில் வண்டியை நிறுத்திக் கற்பூரம் ஏற்றினேன். அடுத்த பத்தாம் நாள் போனேன். எட்டு. அண்ணன் அந்த எட்டையும் உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தபா நானே வரேன்" என்றார். "என்ன நேர்ல பாத்தா எப்படி வெட்றான்னு பாக்கறேன்."

அந்த மாதக் கடைசியில் செங்கல்பட்டுக்குக் காட்டப் போகவேண்டியது. இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். முதலில் மெடிக்கல்காரன் வாயால் முழு அட்டை, அப்புறம்தான் டாக்டர் என்றார். பிள்ளை மாதிரி பிடிவாதம் பிடித்தார். நாங்களும் விட்டுவிட்டோம்.

எட்டாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். செருப்பு காலில் நுழையவில்லை, வெறுங்காலோடு வந்தார். லோடு ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாக ஓட்டினேன். கடைத்தெருவில் இறங்கியபோது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தீமிதியில் அவரைப் பார்க்க எழுந்து நிற்கும் கூட்டம்தான் அது. என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறினார். கவுண்டரைப் பிடித்ததும் என் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்குத்தான் மாத்திரை. நானே வந்துகீறேன்" என்றார். மூச்சு வாங்கியது. "சாப்புடறேன். நடந்து வந்தேன், பாத்தல்ல. முழுசா குடு சார்."

மெடிக்கல்காரர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் நாங்கள் பார்க்காத ஒன்றைச் செய்தார். கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். கட்டைவிரலால் அண்ணனின் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்து எடுத்தார். மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்தது. அந்தக் குழி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணனும் குனிந்து பார்த்தார். தெருவும் பார்த்தது. அது வரவில்லை.

உள்ளே போனார். கை கழுவினார். துடைத்தார். கத்தரியை எடுத்தார்.

ஐந்து.

"முழுசா குடு சார்" என்றார் அண்ணன் இன்னொருதடவை. இந்தத் தடவை குரல் கெஞ்சியது. என் அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"வேணாம். இது போதும்."

டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனை வண்டியில் ஏற்றும்போது ஐந்தாறு பேர் கை கொடுத்தார்கள், சவத்தைத் தொடுகிற மாதிரி பதமாகத் தொட்டார்கள். அது அண்ணனுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். மெயின் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, செங்கல்பட்டு போகலாமாண்ணா என்று கேட்டேன்.

"எதுக்குடா? அஞ்சு குடுத்துட்டான். அங்க போயி ட்யூபு மாட்டிகினு சாவறதுக்கு என் வூட்ல சாவறேன். திருப்பு."

திருப்பினேன். அவர் சொன்னாரே என்று திருப்பினேன் என்றும் சொல்லலாம். ஆனால் எனக்கே அப்படித்தான் பட்டது. ஐந்து கொடுத்தபிறகு ஆஸ்பத்திரி எதற்கு?

படாளத்தில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணன் மகள் அன்றைக்கே வந்தாள். மறுநாள் சொந்தபந்தம் எல்லாம் வந்தது. யாரும் அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, மன்னித்துவிடு என்றுதான் சொன்னார்கள். பழைய சண்டை எல்லாம் பேசி முடித்தார்கள். அவரும் எல்லாருக்கும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் மாதிரி செய்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. கால் வீக்கம் தொடைக்கு ஏறியது. அண்ணி ஈரத்துணி சுற்றினாள். காலையில் எழுந்ததும் மீதி எத்தனை என்று அவரே கேட்பார், ஒன்றைப் போட்டுக்கொள்வார்.

நான் செல்லியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். எத்தனையோ தடவை அந்த இடத்தில் நின்று எதை எதையோ கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அண்ணனுக்கு ஆயுள் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. கஷ்டப்படுத்தாமல் கூப்பிட்டுக்கோ தாயே என்று கேட்டேன். அவள் கொடுக்கத் தயாராக இருந்ததை நான்தான் கேட்காமல் வந்தேனோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நாலாம் நாள் மதியத்துக்கு முந்தி அண்ணன் போய்விட்டார். "ஒரு நாள் முன்ன பின்ன. கணக்கு பாத்தியா?" என்று பந்தலில் ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணிக்குக் காய்ச்சல். மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன். மெடிக்கல்காரர் அட்டையை எடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எந்த ஆஸ்பத்திரில போனாரு?"

"வூட்லதான் சார்."

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"செங்கல்பட்டுக்குக் கூட்டினு போவல?"

"இல்ல சார்."

"ஏன்?"

"நீங்க அஞ்சுதான சார் குடுத்தீங்க."

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். அவரிடமிருந்து நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு இதுதான்.

"காலு அப்படி வீங்கினா அந்த மாத்திரை வேல செய்யலன்னு அர்த்தம். டாக்டருகிட்ட போனா வேற மாத்துவாரு. முப்பதையும் குடுத்தா அதையே முழுங்கிகினு வூட்ல கெடப்பீங்க. அஞ்சு குடுத்தா, தீந்துபோறதுக்குள்ள ஓடுவீங்கன்னு குடுத்தேன்."

வாயைத் திறந்து அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சார் என்றேன்.

"காலு வீங்கினா இன்னா பண்ணணும்னு உங்க டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு."

"அப்பறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

உங்கள் கணக்கைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். மழை வருமா என்று கேட்டால் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "நெசமான்னு எவனாவது வந்து கேட்டானா? ஒருத்தன் கேக்கல. டீக்கடைலதான் கேட்டீங்க."

அண்ணியின் காய்ச்சல் மாத்திரையைப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் சீட்டுக்காகக் கையை நீட்டினார்.

அவர் சொன்னது நிஜமா, அண்ணன் செத்தபிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. வலை பின்னுகிறவருக்கு ஏன் ஆறு, இட்லிக்கார அம்மாவுக்கு ஏன் நாலு என்று நான் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது. எல்லாருக்குமே ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் அளந்து கொடுத்தார் என்றால், ஓடாமல் வீட்டிலேயே வழியனுப்பி வைத்தவர்கள் எத்தனை பேர்? நான் ஒருவன் மட்டும் என்றால் தாங்கமுடியாது. எல்லாரும் என்றாலும் தாங்கமுடியாது. இரண்டு வருஷம் கழித்து அவர் கடையைக் கைமாற்றிவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். அண்ணி சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பதினாறு நாளும் அவள் கேட்க நினைத்து அடக்கி வைத்திருந்தது என்று பார்த்ததும் தெரிந்தது.

"தம்பி, அன்னிக்கே அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

வரும் வழியெல்லாம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"இல்ல அண்ணி. பொழச்சிருக்கமாட்டாரு. அதான் மெடிக்கல்காரரே அஞ்சு குடுத்தாரே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் லேசானது. அந்த மனுஷன் கணக்கு தப்பாது என்று சொல்லிக்கொண்டே, அத்தனை நாளுக்கப்புறம் முதல்முறையாகத் தூங்கிப்போனாள். இன்றைக்கும் தெருவில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், என் புருஷனுக்கு அவர் சொன்ன மாதிரியே நடந்தது என்று அண்ணி சொல்கிறாள். சாட்சிக்கு என்னைக் காட்டுகிறாள். நான் ஆமாம் என்கிறேன்.

மற்ற எல்லாப் பாவத்துக்கும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இந்தப் பொய்க்கு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு, போய் உன் அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்பாள்.